தப்பான பதிலுக்குக் கிடைத்த கிரீடம்

1994-ம் வருட ஃபெமினா மிஸ் இந்தியா போட்டி. ஐஸ்வர்யா ராயும் சுஷ்மிதா சென்னும் சம மதிப்பெண்ணில் நிற்கிறார்கள். யாருக்குக் கிரீடம் என்று முடிவு செய்ய இன்னும் ஒரு கேள்வி. நம் நாட்டின் ஜவுளிப் பாரம்பரியம் எவ்வளவு காலமாக இருக்கிறது, உங்களுக்கு எதை உடுத்தப் பிடிக்கும் என்று சுஷ்மிதாவிடம் கேட்டார்கள். எல்லாம் மகாத்மா காந்தியின் கதரில் தொடங்கியது என்கிற மாதிரி அவர் பதில் சொன்னார். அப்போது அவருக்கு 18 வயது.

சரித்திரப் பரீட்சையாக இருந்தால் இதற்கு முட்டைதான். மொகஞ்சதாரோவில் கிடைத்த பருத்தித் துணித் துணுக்கு 4,000 வருடத்துக்கும் பழையது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நம்ம சென்னையில் இடம் பிடித்ததே இந்தக் கரையில் துணி மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத்தான். காந்தி பிறந்தது 1869-ல்! ஆனாலும் கிரீடம் சுஷ்மிதாவுக்குத்தான் போனது.

அப்படியென்றால் அந்த இன்டர்வியூ எதைத்தான் அளக்கிறது? அதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் ஒரு கடற்கரைக்குப் போக வேண்டும்.

அட்லாண்டிக் சிட்டி, 1921. செப்டம்பர் வந்தால் கோடை முடிந்து சுற்றுலாக் கூட்டம் ஊருக்குத் திரும்பிவிடும், ஹோட்டல்கள் காற்று வாங்கும். இன்னும் கொஞ்ச நாள் கூட்டத்தை இழுத்துப் பிடிக்க வியாபாரிகள் போட்ட திட்டத்தில் ஒரு பகுதிதான் பின்னாளில் மிஸ் அமெரிக்கா ஆன போட்டி. பி.காம். படிக்கிற என் கண்ணுக்கு இது சுத்தமான சேல்ஸ் ப்ரமோஷன். பெண்கள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே அன்று இல்லை. நீச்சலுடையில் வந்து நின்றால் போதும்.

இது கௌரவமான சமாச்சாரம் இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியது, நடுவில் சில வருடம் போட்டியே நின்றும் போனது. 1935-ல் லெனோரா ஸ்லாட்டர் என்ற பெண்மணி உள்ளே வந்தார். பாட்டு, நடனம் என்று ஏதாவது திறமை காட்ட வேண்டும் என்பது 1938-ல் கட்டாயமானது. 1945-ல் பரிசாகக் கல்லூரி உதவித்தொகை வந்தது. அதை முதலில் வென்றவர் பெஸ் மயர்சன், யூதப் பெண். பெயரை யூதப் பெயர் போலத் தெரியாமல் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். ஜெயித்த பிறகு, யூதப் பெண் எங்கள் பொருளுக்கு விளம்பரம் செய்ய வேண்டாம் என்று சில ஸ்பான்சர்கள் ஒதுங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் விஷயம் பிடிபடுகிறது. கிரீடம் வைத்த ராத்திரியோடு வேலை முடிவதில்லை, அன்றைக்குத்தான் ஆரம்பம். ஒரு வருடம் ஊர் ஊராகப் போய் ஸ்பான்சர் சார்பில் பேச வேண்டும், பத்திரிகைக்காரர்களைச் சமாளிக்க வேண்டும். 1951-ம் வருட மிஸ் அமெரிக்கா யோலாண்ட் பெட்பீஸ், இனி நீச்சலுடையில் போஸ் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீச்சலுடை விற்கும் ஸ்பான்சரான கேட்டலினா கம்பெனி கோபித்துக்கொண்டு வெளியேறி, 1952-ல் சொந்தமாகத் தொடங்கிய போட்டிதான் மிஸ் யுனிவர்ஸ்! வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனி இன்டர்வியூ வைக்காமல் விடுமா?

ஆரம்பத்தில் கேள்விகள் சும்மா விளையாட்டாகத்தான் இருந்தன. 1969-ல் மனிதன் நிலவில் இறங்கப் போகிற அதே வாரம், நிலவிலிருந்து ஒருவர் உங்கள் ஊருக்கு வந்தால் எப்படி உபசரிப்பீர்கள் என்று பிலிப்பைன்ஸின் குளோரியா டியாஸிடம் கேட்டார்கள். எப்போதும் செய்வதைத்தான் செய்வேன், இவ்வளவு நாள் நிலவில் இருந்தவருக்கு ஒரு மாறுதல் வேண்டாமா என்றார். அவர்தான் அந்த வருட மிஸ் யுனிவர்ஸ். இதற்கு எந்தப் புத்தகத்தைப் படித்துத் தயார் செய்வது, சொல்லுங்கள் :-)

மறுபடி சுஷ்மிதா. மிஸ் இந்தியா மேடையில் அவர் போட்டிருந்த கவுன், டெல்லி சரோஜினி நகர்ப் பக்கம் ஒரு சாதாரண டெய்லர் தைத்தது. கையுறை, காலுறையை வெட்டித் தைத்தது. இதை அவரே சொல்லியிருக்கிறார். அந்த வருடம் மே மாதம் மணிலாவில் மிஸ் யுனிவர்ஸ் கடைசிக் கேள்வி: பெண்ணாக இருப்பதன் 'எஸன்ஸ்' என்ன? தான் இந்தி மீடியத்தில் படித்தவள், அந்த வார்த்தைக்கு அர்த்தமே அப்போது சரியாகத் தெரியாது என்று பல வருடம் கழித்துச் சொன்னார். ஆனால் பதிலைக் கவனியுங்கள். பெண்ணாகப் பிறப்பதே கடவுள் தந்த பரிசு, குழந்தை தாயிடமிருந்து வருகிறது, அன்பையும் பகிர்வையும் ஆணுக்குக் காட்டுபவள் அவள்தான், அதுதான் பெண்மையின் சாரம். நாலே வரி. கேள்வியில் இருந்த வார்த்தையிலேயே கொண்டுபோய் முடித்தார். இதில் புது விஷயம் எதுவும் இல்லை. நிதானம் இருந்தது.

அந்த வெற்றிக்குப் பிறகு இந்தியாவில் தயாரிப்பு ஒரு தொழிலாகவே ஆனது. மும்பையில் ஃபெமினா நடத்திய பயிற்சியில் உணவு, சருமம், உடற்பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர். உச்சரிப்புக்கும் பேச்சுக்கும் சபீரா மெர்ச்சன்ட். 1994-லிருந்து 2000 வரை நாலு மிஸ் வேர்ல்ட், ரெண்டு மிஸ் யுனிவர்ஸ் பட்டம் இந்தியாவுக்கு வந்தன. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நமக்குச் சொல்லித்தருவதும் கிட்டத்தட்ட இதேதான்: கண்ணைப் பார், அவசரப்படாதே, ஒரே ஒரு கருத்தைச் சொல். நேற்று வரை தமிழ் மீடியத்தில் படித்தவனுக்கு இந்த மூன்றும் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆங்கிலம்தான் வராது. இதில் எனக்கு ஒரு பொருமல் உண்டு. மிஸ் யுனிவர்ஸ் மேடையில் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாம். 2011-ல் அங்கோலாவின் லைலா லோப்பஸ் போர்த்துகீசிய மொழியில் பதில் சொல்லித்தான் ஜெயித்தார். ஆனால் 1994, 2000, 2021 என்று நாம் ஜெயித்த மூன்று தடவையும் பதில் ஆங்கிலத்தில்தான். நம் சல்லடை முன்னாடியே, மும்பையிலேயே சலித்துவிடுகிறது.

2000-ல் சைப்ரஸில் லாரா தத்தாவுக்கு வந்ததுதான் கெட்டிக்காரத்தனமான கேள்வி. இந்தப் போட்டி பெண்களை அவமதிக்கிறது என்று வெளியே போராடுகிறார்கள், அது தவறு என்று அவர்களுக்குப் புரிய வையுங்கள். (எதிர்ப்பு நமக்கும் புதிதில்லை. 1996-ல் பெங்களூர் மிஸ் வேர்ல்டை எதிர்த்து மதுரையில் ஒருவர் தீக்குளித்து இறந்தே போனார்.) தொழில், ராணுவம், அரசியல் என்று நாங்கள் விரும்பிய துறைக்குப் போக இது ஒரு மேடை என்று லாரா பளிச்சென்று சொன்னார். ஆனால் கேள்வியில் "தவறு" என்ற தீர்ப்பு முன்பே எழுதப்பட்டிருந்தது, கவனித்தீர்களா? போராடுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் கிரீடம் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அதே வருடம் லண்டனில், இன்று உயிரோடு இருப்பவர்களில் வெற்றிகரமான பெண் யார் என்ற கேள்விக்குப் பிரியங்கா சோப்ரா அன்னை தெரசா என்றார். அன்னை 1997-லேயே காலமாகிவிட்டார். பிரியங்காதான் மிஸ் வேர்ல்ட்!

தகவல் தப்பினால் மன்னிப்பு உண்டு. தடுமாறினால் கிடையாது. 2007 மிஸ் டீன் யுஎஸ்ஏ போட்டியில், அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவருக்கு உலக வரைபடத்தில் சொந்த நாட்டையே காட்டத் தெரியவில்லையாமே, ஏன் என்று தென் கரோலினாவின் கெய்ட்லின் அப்டனிடம் கேட்டார்கள். வாக்கியத்துக்குள் வாக்கியம் சிக்கி, ஈராக், தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கோ போய்விட்டது பதில். யூடியூபில் உலகமே சிரித்தது. சில நாளில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள், தெளிவாகவே பதில் சொன்னார். முதல் வீடியோ பரவிய அளவுக்கு அது பரவவில்லை. அப்போது அவருக்கும் 18 வயதுதான்.