பொம்பளை சிரிச்சா

“பொம்பளை சிரிச்சா போச்சு, புகையிலை விரிச்சா போச்சு” என்று சொல்லிச் சொல்லியே நம் பாட்டிகளின் வாயை அடைத்தார்கள். இன்று அதே வாயைத் திறந்து சிரிக்கச் சொல்லிப் பல் மருத்துவமனைப் பலகைகள் அழைக்கின்றன. ‘ஸ்மைல் டிசைனிங்’, ‘பாண்டிங்’ என்று எழுதிய பலகைகளில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் முகம்தான் இருக்கிறது. சிரிக்காதே என்பதும் இப்படித்தான் சிரி என்பதும் எதிரெதிரானவை போலத் தோன்றும். இரண்டிலும் நம் சிரிப்பை முடிவு செய்பவர் வேறொருவர். பல்லில் பூச்சு ஒட்டும் இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது விளங்கும்.

1930களின் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் நட்சத்திரங்களின் பற்களுக்கு மெல்லிய பீங்கான் உறைகளைச் செய்து கொடுத்தார். படப்பிடிப்பின்போது மட்டும், பல்செட்டுக்குப் போடும் பசைத்தூளால் அவற்றை ஒட்டிக்கொள்வார்கள்; சாப்பிடுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். அவரிடம் வந்தவர்களில் ஒருத்தி, 1928இல் பிறந்த குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். அவளுக்கு அது பால் பல் விழும் பருவம். விழுந்த இடங்களைப் போலிப் பற்களால் மறைத்தார்கள். ஸ்டுடியோவோ அவள் வயதிலும் ஓராண்டைக் குறைத்துச் சொல்லி வந்தது. தனக்குப் பன்னிரண்டு முடிகிறது என்று நினைத்த பிறந்தநாளில்தான், முடிவது பதின்மூன்று என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு சிறுமி தான் வளர்வதையே கேமராவுக்கு மறைக்க வேண்டியிருந்தது.

பிங்கஸின் உறைகள் நிற்கவில்லை. நிற்க வைத்தது வேதியியல். அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் இருந்த மைக்கேல் புவனோகோர், உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கப் பாஸ்பாரிக் அமிலம் பூசும் தொழிற்சாலை வழக்கத்திலிருந்து பாடம் கற்றார். அதே அமிலத்தைப் பல்லின் எனாமலில் அரை நிமிடம் வைத்துக் கழுவினால் ரெசின் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று 1955இல் காட்டினார்; அமிலம் உண்டாக்கும் நுண்துளைகளுக்குள் ரெசின் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. 1962இல் ரஃபேல் போவன், பிஸ்-ஜிஎம்ஏ என்ற உறுதியான ரெசினுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு ஒளி பட்டதும் இறுகும் ரெசின்கள் வந்தன. குழந்தைகளின் கடைவாய்ப் பற்களில் உள்ள பள்ளங்களை மூடிச் சொத்தையைத் தடுப்பது புவனோகோரின் பெரிய அக்கறைகளில் ஒன்று. அந்த வித்தைதான் இன்று முன்பல் இடைவெளியையும் கறையையும் மறைக்க விற்கப்படுகிறது.

கறை என்றதும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பார்க்க வேண்டும். அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எனாமல் உருவாகும் சிறுவயதில் அதைவிட அதிகமுள்ள தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் எனாமலில் குறையோடு பல் முளைக்கும், பிறகு அதில் பழுப்புக் கறை ஏறலாம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோய் பதிவானது 1937இல்.

ஒரே குழாயில் தண்ணீர் குடித்த அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கறைதான். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் தங்கையின் பல்லைத்தான் பார்க்கிறார்கள். புடவைத் தலைப்பால் வாயை மூடிப் பேசப் பழகுகிறவள் அவள்தான். “பல்லு விளக்க மாட்டியா?” என்ற கேள்வியும் அவளுக்குத்தான். ஊரின் தண்ணீரில் உள்ள கோளாறு ஒருத்தியின் ஒழுங்கீனமாகிவிடுகிறது. பாண்டிங் அந்தக் கறையை ஒரே நாளில் மறைத்துவிடும். சில ஆண்டுகளில் பூச்சு நிறம் மாறும், ஓரம் உடையும், மறுபடி காசு கட்ட வேண்டும். அதே தண்ணீர் எலும்பில் சேர்த்து வைக்கும் வலிக்கு அந்தப் பூச்சில் மருந்தில்லை.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டு, காவிரி நீர் அந்த மாவட்டங்களுக்கு வந்தது. பல்லுக்குச் செய்த உண்மையான வைத்தியம் அது. அதில் எந்தப் பெண்ணும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

பாண்டிங் செய்துகொள்ளும் தோழியைக் குறை சொல்வதற்கில்லை. கறை படிந்த பல்லோடு வேலைக்கு நேர்முகம் போனவளுக்கும், கணவன் அடித்து முன்பல் உடைந்தவளுக்கும் அது பெரிய ஆறுதல். அவள் தன் பல்லைச் சரிசெய்து கொள்ளட்டும். அந்தத் தண்ணீரையும் அந்தக் கையையும் சரிசெய்யச் சொல்லிக் கேட்பதை மட்டும் நாம் விட்டுவிடக் கூடாது.