அவதானமும் அடக்கமும்

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்துச் சதாவதானி எனப் புகழ்பெற்றார். இராஜாக்கமங்கலத்தில் சிறுவனாயிருந்த எனக்கு அவர் கதையைச் சொல்லியே பெரியோர் புத்தி புகட்டினர். என் பக்கத்தில் அமர்ந்த தோழனுக்கோ, கணக்கின் முதல் வரி முடியுமுன் மனம் சன்னலுக்கு வெளியே பறந்துவிடும். அதற்காக அவன் நாள்தோறும் பிரம்படி பட்டான்.

அந்த அடி நியாயந்தானா? 1902இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவிற் குறையாத குழந்தைகளுள்ளும் சிலர் தம்மை அடக்கிக்கொள்ள இயலாது தவிப்பதைத் தம் சொற்பொழிவுகளில் எடுத்துரைத்தார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இத்தகைய நிலைக்குக் கவனக்குறைபாடு எனப் பெயரிட்டது. முதலில் எழும் உந்துதலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் தளர்வதே இதன் வேர் என்றும், அதனால் கேட்டதை மனத்தில் இருத்துவதும் அடுத்ததைத் திட்டமிடுவதும் தடைப்படுகின்றன என்றும் 1997இல் ரசல் பார்க்லி விளக்கினார்.

ஆகவே அது திமிர் அன்று. கண் மங்கியவனை அடித்தால் பார்வை வருமா? சொல்வதைச் சிறு கூறுகளாக்கிச் சொல்லுதல், உடனுக்குடன் பாராட்டுதல், வேண்டுமிடத்து மருத்துவர் துணை ஆகியவையே வழி.

மாணவர்களே! உங்கள் வகுப்பில் அத்தகைய தோழன் இருந்தால் நகையாதீர்கள். நான் அன்று நகைத்தேன், இன்று வருந்துகிறேன்.