முகப்புக் கண்ணாடிக்கு நீர் வார்த்த கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் இயந்திரத்தைப் புகழ்வர். முகப்புக் கண்ணாடியை மறந்துவிடுவர். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் அரை நூற்றாண்டு கடந்தும் இவ்வீதிகளில் ஓடியமைக்குப் போரும் ஒரு காரணம் என்பது வியப்பாகத் தோன்றலாம். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. புது வண்டிகள் வருவதும் அரிதாயிற்று. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களோ மண்ணெண்ணெயிலும் ஓடின. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் எளிதில் உயிர்பெறாது. ஆதலின் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரினுள் பீச்சி இயக்குவர். சூடேறியபின் மண்ணெண்ணெயை விடுவர். இவ்வாறு காபரேற்றருக்குப் பீச்சிப் பழகிய கைகளுக்குக் கண்ணாடிக்கு நீர் பீச்சும் கருவியைத் திருத்துவது பெரிய காரியமன்று.

அமெரிக்காவின் மேரி அன்டர்சன் என்னும் பெண்மணி, உள்ளிருந்து கையால் இயக்கும் துடைப்பானுக்கு 1903 இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் துடைப்பான் மாத்திரம் இருந்தால் மழைக்கே உதவும். சோளகக் காற்றுக் காலத்தில் வலிகாமத்துச் செம்மண் புழுதி கண்ணாடியிற் படியும். பண்ணைப் பாலத்தைக் கடக்கையில் உப்புத் திவலையும் சேரும். உலர்ந்த கண்ணாடியில் துடைப்பானை ஓடவிட்டால் மணல் கீறிவிடும். 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்குத் தட்டையான இரு கண்ணாடிகள். அவை கீறினாலும் உள்ளூரிலே வெட்டிப் பொருத்தலாம். 1956 இல் வந்த மைனர் 1000இன் கண்ணாடியோ ஒரே துண்டு, வளைந்தது. அது கெட்டால் வேறொன்று தேடவேண்டும். நீரின் அருமை அங்கேதான் விளங்கும்.

தொடக்ககால வண்டிகளில் இக்கருவி இல்லை. பின்னர் வந்த கைப்பம்பியில் ஒரு குமிழை அமுக்கினால் போத்தல் நீர் றப்பர்க் குழாய்வழி ஏறிப் பீச்சும். றப்பர் வெடித்தாலோ ஒருவழி வால்வு தேய்ந்தாலோ நீர் கீழிறங்கிவிடும். சாரதி குமிழைப் பலமுறை அமுக்கியும் பயனிராது. வீதியில் ஒரு கண், குமிழில் ஒரு கை என்பது ஆபத்தான நிலை.

ஆதலின் சிலர் பன்னிரண்டு வோல்ற் மின்பம்பியைப் பூட்டுவர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியுடலோடு இணைந்திருக்கும். இக்கால வழக்கப்படி கம்பிகளைப் பூட்டினால் பம்பியின் மோட்டார் எதிர்த்திசையில் சுழன்று நீரைச் செவ்வனே தள்ளாது. இரு கம்பிகளையும் மாற்றிப் பூட்டுவதே பரிகாரம். உருகியொன்றையும் இடையிற் சேர்த்தல் வேண்டும். பழமையைப் பேணுவோர் பம்பியை எஞ்சின் மூடியின் கீழ் மறைத்துவிட்டு, பழைய குமிழை அதனிடத்திலேயே விட்டுவைப்பர்; விசை வேறோரிடத்தில் ஒளிந்திருக்கும்.

இத்தனையும் செய்தபின் கிணற்று நீரை ஊற்றினால் உழைப்பு வீண். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. வெயிலில் உலர்ந்ததும் அதன் சுண்ணம் கண்ணாடியில் வெண்தழும்பாகப் படியும். ஊசித்துளை போன்ற பீச்சுவாயையும் அடைத்துவிடும். ஆதலின் மாரிகாலத்தில் பிடித்து வைத்த மழைநீரை, மெல்லிய துணியால் வடித்து ஊற்றுவதே உத்தமம்.