பெண்ணுக்கு வலைப்பந்து, ஆணுக்கு ரக்பி!

பெக்கோக் மன்றத்தில் பேசியதைச் சற்று விரித்து இங்கே எழுத்தில் தருகிறேன். தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரித்தார்கள். பெக்கோக்குக்கும் பெண்கள் ரக்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதுவும் நம் நாட்டிலேயே, 1998-ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது.

அந்த ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் காமன்வெல்த் போட்டி அதுதான். எனக்கு அப்போது தொடக்கப்பள்ளி வயது. தொலைக்காட்சியில் எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை காமன்வெல்த் என்றால் ஓட்டம், நீச்சல், பளுதூக்குதல், பூப்பந்து என்று தனிநபர் ஆட்டங்கள்தான் முக்கியம். கோலாலம்பூர்தான் குழு ஆட்டங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கிரிக்கெட், ஹாக்கி, வலைப்பந்து, எழுவர் ரக்பி ஆகிய நான்கும் புதிதாகச் சேர்ந்தன.

சேர்ந்த விதத்தைக் கவனியுங்கள். ஹாக்கி இருபாலருக்கும் உண்டு. கிரிக்கெட் ஆண்களுக்கு மட்டும். ரக்பி ஆண்களுக்கு மட்டும். வலைப்பந்து பெண்களுக்கு மட்டும். வலைப்பந்தில் எதிராளியை இடிக்கக் கூடாது, பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. ரக்பியில் பந்தைக் கட்டிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவரைப் பிடித்துக் கீழே சாய்ப்பதும்தான் ஆட்டமே! யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிப் பிரித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அதுதான் இயல்பாகத் தெரிந்தது. அது எல்லாருக்கும் இயல்பாகத் தெரிந்ததே எனக்கு உறுத்துகிறது.

பெட்டாலிங் ஜெயா அரங்கில் நடந்த அந்த ரக்பிப் போட்டியை இன்றும் பேசுவார்கள். நியூசிலாந்துக்காக ஜோனா லோமு வந்தார். ஃபிஜிக்காக வைசாலே செரேவி வந்தார். இறுதியில் நியூசிலாந்து 21-12 என்று ஃபிஜியை வென்றது. வலைப்பந்தில் ஆஸ்திரேலியப் பெண்கள் 42-39 என்று நியூசிலாந்துப் பெண்களை வென்றார்கள். இரண்டுமே அருமையான ஆட்டங்கள். ஆனால் காமன்வெல்த்தில் ஒரு பெண் ரக்பிப் பந்தைத் தொட இன்னும் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எழுவர் ரக்பி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வழக்கமான ரக்பியில் பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். இதில் 7 பேர், பாதிக்கு 7 நிமிடம். திடல் மட்டும் அதே அளவு! அதனால் ஓட்டம் அதிகம், மூச்சு வாங்குவதும் அதிகம். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 5 புள்ளி, பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2 புள்ளி. 1883-இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில், கழகத்துக்கு நிதி திரட்ட நெட் ஹேய்க் என்ற கசாப்புக் கடைக்காரர் சொன்ன யோசனை இது. சிறிய ஊரில் பிறந்த ஆட்டம். அதனாலேயே பெக்கோக்கில் பேச எனக்குப் பிடித்தது.

மலாயாவுக்கு ரக்பி வந்தது ஆங்கிலேயர்களோடு. 1921-இல் மலாயா என்ற பெயர் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கே வந்தபோது, அந்தக் கப்பல்காரர்கள் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என்று கோப்பைகளை வழங்கினார்கள். காற்பந்துக் கோப்பை நாம் எல்லாரும் அறிந்த மலேசியக் கிண்ணப் போட்டியாக வளர்ந்தது. ரக்பியோ துரைமார் கிளப், கோலகங்சார் மலாய்க் கல்லூரி, இராணுவம், போலீஸ் என்ற வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றியது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் பக்கம் காற்பந்து வந்தது, ரக்பி அவ்வளவாக வரவில்லை.

அந்தக் காற்பந்துத் திடலிலும் பெண்பிள்ளைகளுக்கு எங்கே இடம்? லாபிஸ், பெக்கோக், பாலோ வட்டாரத்தில் தோட்டத்தில் வளர்ந்த அக்காமார்களைக் கேளுங்கள். சாயங்காலம் திடல் பையன்களுக்கு. தண்ணீர் பிடிப்பதும் தம்பியைத் தூக்கிக்கொள்வதும் இவர்களுக்கு. தீபாவளி விளையாட்டுப் போட்டி வந்தால் மட்டும் பெண்களுக்கென்று தனிப் பட்டியல் வரும்: கரண்டியில் எலுமிச்சம்பழம், ஊசியில் நூல் கோர்த்தல், இசை நாற்காலி. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை, நானே கரண்டி பிடித்து ஓடிப் பிளாஸ்டிக் வாளி வாங்கியவள்தான். ஆனாலும் 1998-இன் பெரிய பட்டியலுக்கும் தோட்டத்துச் சின்னப் பட்டியலுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறதா இல்லையா?

இனி உலகத்துக்கு வருவோம். பெண்கள் ரக்பி விளையாட யாரும் அழைப்பிதழ் கொடுக்கவில்லை. 1991-இல் வேல்ஸ் நாட்டில் பெண்களின் முதல் உலகக் கிண்ணம் நடந்தது. அது 15 பேர் ஆட்டம். அனைத்துலக ரக்பி வாரியம் அதை அங்கீகரிக்கவில்லை. லண்டன் ரிச்மண்ட் கழகத்தைச் சேர்ந்த நான்கு பெண்கள்தான் ஓய்வு நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார்கள். 12 நாடுகள் வந்தன. சோவியத் அணியிடம் செலவுக்குப் பணம் இல்லை. அவர்கள் வோட்கா போத்தல்களைக் கொண்டுவந்து விற்றுச் சமாளித்தார்கள் என்பது இன்று ரக்பி உலகில் கதையாகிவிட்டது. அமெரிக்கா 19-6 என்று இங்கிலாந்தை வென்று கிண்ணத்தைத் தூக்கியது. அந்த நால்வரில் ஒருவரான டெபோரா கிரிஃபின் 2025-இல் இங்கிலாந்து ரக்பி யூனியனின் முதல் பெண் தலைவரானார். கணக்குப் போட்டால் 34 ஆண்டுகள்.

எழுவர் ஆட்டத்தில் பெண்களின் அனைத்துலகப் போட்டி 1997-இல் ஹாங்காங்கில் தொடங்கியது. அதாவது கோலாலம்பூர் போட்டிக்கு ஓராண்டுக்கு முன்பே! ஆகவே 1998-இல் விளையாட ஆள் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

அப்புறம் எப்படி மாறியது? ஒலிம்பிக் ஆசை மாற்றியது என்று நான் சொல்வேன். ரக்பி 1924-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. 2005-இல் சிங்கப்பூரில் கூடிய அனைத்துலக ஒலிம்பிக் குழுவிடம் ரக்பி விண்ணப்பித்துத் தோற்றது. மறுபடி கதவைத் தட்டப் போகும்போது, பெண்களை விட்டுவிட்டு நுழைய முடியாது என்று வாரியத்துக்குப் புரிந்தது. 2009 மார்ச்சில் துபாயில் நடந்த எழுவர் உலகக் கிண்ணத்தில் ஆண்களோடு பெண்களுக்கும் முதன்முறையாகப் போட்டி வைத்தார்கள். கூடுதல் நேரம் வரை போன இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா 15-10 என்று நியூசிலாந்தை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் கோப்பன்ஹேகனில் வாக்கெடுப்பு. ரக்பிக்கு ஆதரவாக 81, எதிராக 8. பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆண்கள் ரக்பி ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. இதை ரக்பிக்காரர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

மலேசியர்களான நமக்கு இங்கே ஒரு கசப்பும் உண்டு. 2009-இல் ஏழு ஆட்டங்கள் வரிசையில் நின்றன. கோல்ஃபும் ரக்பியும் உள்ளே போயின. வெளியே நின்ற ஐந்தில் ஒன்று ஸ்குவாஷ். அப்போது உலகின் முதல் நிலை வீராங்கனை நம் பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட். எட்டு முறை உலக வெற்றியாளரான அவர், ஒலிம்பிக்கைத் தொடாமலேயே 2019-இல் ஓய்வு பெற்றார். ஸ்குவாஷ் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்படும் என்ற முடிவு 2023-இல்தான் வந்தது. ஒரு பெண்ணுக்குத் திறந்த கதவு இன்னொரு பெண்ணுக்கு அடைபட்டது என்று பெக்கோக்கில் ஓர் ஆசிரியை சொன்னார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கோல்ஃபுக்கு இடம் கொடுத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது!

2016 ஆகஸ்ட் 8. ரியோ. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் ரக்பியின் முதல் இறுதியாட்டம். ஆஸ்திரேலியா 24, நியூசிலாந்து 17. வென்ற அணியில் பலர் வேறு ஆட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஷார்லட் காஸ்லிக் டச் ஃபுட்பாலிலிருந்து வந்தார், குளோயி டால்ட்டன் கூடைப்பந்திலிருந்து வந்தார். தோற்ற அணியில் இருந்த போர்ஷியா வுட்மன் கதை இன்னும் சுவையானது. அவருடைய தந்தையும் தந்தையின் சகோதரரும் நியூசிலாந்தின் புகழ்பெற்ற ஆல் பிளாக்ஸ் ரக்பி வீரர்கள். மகள் என்ன ஆடினார் தெரியுமா? வலைப்பந்து! தொழில்முறை வலைப்பந்து வீராங்கனையாக இருந்தவர், 2012-இல் ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து நியூசிலாந்து நடத்திய ஆள்தேடல் வழியாக ரக்பிக்கு வந்தார். பிறகு தோக்கியோவிலும் பாரிசிலும் தங்கம் வென்ற அணிகளில் ஆடினார். குடும்பத்தில் இரத்தத்திலேயே ரக்பி ஓடியும், பெண் என்பதால் முதலில் கையில் கிடைத்தது வலைப்பந்துதான் என்று நான் இதைப் படிக்கிறேன்.

காமன்வெல்த்தில் பெண்கள் எழுவர் ரக்பி 2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் அறிமுகமானது. இறுதியாட்டம் 12-12 என்று சமநிலையில் நின்று கூடுதல் நேரத்துக்குப் போனது. கெல்லி பிரேசியர் ஒரே ஓட்டமாக ஓடிப் பந்தை வைத்தார். நியூசிலாந்து 17-12. இடையில் மெல்பர்ன், டெல்லி என்று எத்தனை நகரங்கள் போயின! கோலாலம்பூர் முதல் கிளாஸ்கோ வரை ஐந்து போட்டிகளில் ஆண்கள் மட்டும் ஆடியிருந்தார்கள்.

ஃபிஜியை மறக்கக் கூடாது. நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போன, பாரதியார் கண்ணீரோடு பாடிய அதே கரும்புத் தோட்டத் தீவு. அங்கே ரக்பி கிட்டத்தட்ட மதம் மாதிரி, ஆனால் ஆண்களின் மதம். அந்த நாட்டுப் பெண்கள் தோக்கியோவில் பிரிட்டனை 21-12 என்று வென்று வெண்கலம் எடுத்தார்கள். ஃபிஜிப் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் அதுதான் முதல் பதக்கம்.

2024 பாரிசில் வெண்கல ஆட்டத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். கடைசி நொடிகளில் அமெரிக்கா 7-12 என்று ஆஸ்திரேலியாவிடம் பின்தங்கியிருந்தது. அலெக்ஸ் செட்ரிக் தன் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து பந்தை வாங்கி, இருவரை உதறி, திடல் முழுக்க ஓடினார். உதையும் உள்ளே போனது. 14-12. அந்த வெண்கலத்துக்குப் பிறகு மிஷெல் காங் என்ற பெண் தொழிலதிபர் அந்த அணிக்கு 40 லட்சம் டாலர் தர முன்வந்தார்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை என்று பெக்கோக்கில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நியாயமான குரல். அதனால் மேற்கு வங்காளத்துக்குப் போவோம். சிலிகுரிக்குப் பக்கத்தில் சரஸ்வதிப்பூர் என்ற தேயிலைத் தோட்டம் இருக்கிறது. காட்டோரம், யானை நடமாட்டம், கொழுந்து பறிக்கும் தாய்மார்கள். நம் பழைய தோட்டத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கொல்கத்தாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரக்பி கற்றுக்கொடுத்து வந்த பால் வால்ஷ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியின் குழு சென்ற பத்தாண்டின் தொடக்கத்தில் அங்கே பந்தைக் கொண்டுபோனது. பையன்களோடு பெண்பிள்ளைகளும் வந்தார்கள், நிலைத்தார்கள். அந்தத் தோட்டத்துச் சந்தியா ராய் இந்திய அணிக்கு ஆடினார். ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் கழகத்திலிருந்தும் பெண்கள் வந்தார்கள். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் 21-19 என்று சிங்கப்பூரை வென்றார்கள். 15 பேர் ஆட்டத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் அனைத்துலக வெற்றி. கடைசி நேரத்தில் வெற்றி உதையை உதைத்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக்.

ஆசியப் போட்டியில் பெண்கள் எழுவர் ரக்பி 2010 குவாங்சோவில் வந்தது. முதல் தங்கம் கஜகஸ்தானுக்கு. இந்தியாவும் அங்கே ஆடியது, வெற்றி அதிகம் இல்லை. 2023 ஹாங்சோவிலும் பெரிய தோல்விகள்தான். தேயிலைத் தோட்டத்துப் பெண் ஜப்பானோடு மோதித் தோற்கிறாள் என்றால், அவள் அங்கே நிற்கிறாள் என்று அர்த்தம்.

பேச்சு முடிந்ததும் ஒரு பாட்டி கேட்டார்: "அடிபட்டா யாரும்மா பாத்துக்குவா? நாளைக்குக் கட்டிக் குடுக்கணுமே!" மண்டபம் சிரித்தது, நான் சிரிக்கவில்லை. காயம் உண்மையானது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியே எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது இன்று ரக்பி விதி. பயிற்சியாளர் இல்லாமல், பிடித்துச் சாய்க்கும் முறையைக் கற்காமல் யாரும் இறங்கக் கூடாது. சிறுபிள்ளைகளுக்கு இடிக்காமல் தொட்டு மட்டும் ஆடும் டச் ரக்பி இருக்கிறது. அதற்கு ஒரு பந்தும் புல் வெட்டிய திடலும் போதும். இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் பேத்தியின் பக்கம் திரும்பி, "உனக்கு வேணுமாடி?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை பாட்டிக்குப் பதில் சொல்லாமல், என்னிடம் பந்து என்ன விலை என்று கேட்டாள்.