சேப்பாக்கத்தில் ஒரு பகல்

ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தின் முதல் கிரிக்கெட் ஆட்டம் 1934-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் நிகழ்ந்தது. முதற்பந்தை எம். ஜே. கோபாலன் வீசினார். மைசூர் அணி 48 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. சென்னை 130 எடுத்தது. மீண்டும் ஆடிய மைசூர் 59-இல் அடங்கியது. ஒரே பகலில் எல்லாம் முடிந்தது. சென்னை ஓர் இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் மிகுதியாகப் பெற்று வென்றது.

அவ்வெற்றியை ஈட்டித் தந்தவர் இடக்கைப் பந்துவீச்சாளர் ஏ. ஜி. ராம்சிங். இருமுறையும் சேர்த்து 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். நம் வழக்கப்படியே அவர் பெயரின் முதலெழுத்து பூர்விக ஊராகிய அமிருதசரசைக் குறிக்கும். இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. மைந்தர் கிருபால்சிங்கும் மில்காசிங்கும் அதே முதலெழுத்துகளோடு அப்பேற்றை அடைந்தனர்.

பிறந்த குடியின் ஊரைப் பெயரில் தாங்கி, வாழவந்த ஊருக்காக ஆடியவர் அவர். திருவனந்தபுரத்தில் வாழவந்த நமக்கு அவ்வரலாறு அயலன்று.