நூறில் ஒரு பங்கு விநாடியில் நழுவிய பதக்கம்: பி.டி. உஷாவின் தடகளப் பயணம்

இந்தியத் தடகளத்தின் தங்க மங்கை எனப் போற்றப்படுபவர் பி.டி. உஷா. கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் 1964 ஜூன் 27 அன்று பிறந்த இவருக்கு, சொந்த ஊரின் பெயராலேயே 'பையோலி எக்ஸ்பிரஸ்' என்ற பட்டமும் உண்டு. பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரால் அடையாளம் காணப்பட்டு, 16 வயதில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் களமிறங்கினார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் 1984

பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. இறுதிச் சுற்றில் மொராக்கோவின் நவால் எல் மூத்தவாகில் தங்கம் வென்றார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41 விநாடிகளில் வெண்கலம் பெற, உஷா 55.42 விநாடிகளில் நான்காவதாக வந்தார். எல்லைக் கோட்டில் மார்பை முன்னோக்கிச் சாய்க்காததே பதக்கம் நழுவக் காரணம் என்று அவர் பின்னாளில் கூறியுள்ளார்.

ஆசியாவில் ஆதிக்கம்

அந்த ஏமாற்றம் அவரை முடக்கிவிடவில்லை. மறு ஆண்டே ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய தடகள சாம்பியன்ஷிப்பில் 100, 200, 400 மீட்டர், 400 மீட்டர் தடை தாண்டுதல், 4×400 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகியவற்றில் 5 தங்கமும், 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலமும் வென்றார். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம், ஒரு வெள்ளி கிடைத்தன. 1988 ஒலிம்பிக்கில் குதிகால் காயம் காரணமாகத் தகுதிச் சுற்றுடன் வெளியேறினார். திருமணத்துக்குப் பின் மீண்டும் களம் கண்ட அவர், 1998 ஆசிய சாம்பியன்ஷிப்பிலும் பதக்கம் வென்று, 2000-இல் ஓய்வு பெற்றார். ஆசிய விளையாட்டுகளில் மட்டும் அவர் வென்றவை 4 தங்கம், 7 வெள்ளி.

39 ஆண்டு நின்ற சாதனை

பதக்கம் தராத அந்த 55.42 விநாடிகள் தேசிய சாதனையாக நிலைத்தன. 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே நேரத்தில் ஓடி அதனைச் சமன் செய்தார். மறுநாள் இறுதிச் சுற்றில் அவருக்கு வெண்கலமும் கிடைத்தது.

உஷா 2002-இல் தொடங்கிய தடகளப் பள்ளி, 800 மீட்டர் வீராங்கனை டின்டு லூகா உள்ளிட்டோரை உருவாக்கியது. 2022-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான அவர், அதே ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.