அரியலூர் சிடியும் காணாமல் போன எழுத்துருவும்

இந்த வாரம் ஒரு சிடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அரியலூர்ல ஒரு டிடிபி கடையை மூடுறாங்க. கடைக்காரர் ஒரு பை நிறைய சிடியைக் கொடுத்து, "குப்பைக்குப் போறதுதான், வேணும்னா எடுத்துட்டுப் போங்க"ன்னார். அதில் ஒன்றில் ஒரு கிராமத்துக் கும்பாபிஷேக மலர் இருந்தது. அச்சான பிரதி ஊரில் யாரிடமும் இல்லை. ஏரி வெட்டிய கதை, நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் அந்த ஒரு கோப்பில்தான்.

அது பேஜ்மேக்கர் கோப்பு. இன்றைய இன்டிசைன் அதைத் திறக்காது. பெரம்பலூரில் இன்னொரு கடையின் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில்தான் திறந்தது. திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக் குவியல்!

காரணம் என்னன்னா, 1990களின் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. பாமினியில் 'அம்மா' என்பது கம்ப்யூட்டருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி அட்டவணை. யுனிகோடில் 1991லேயே தமிழ் இருந்தது, ஆனால் பேஜ்மேக்கருக்கு யுனிகோட் தெரியாது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்று தரம் அறிவித்தது. கடைகள் பழகிய எழுத்துருவை விடவில்லை. விடவும் முடியாது, வாடிக்கையாளரின் பழைய வேலையெல்லாம் அதில்தானே இருக்கு!

கோப்பின் தேதி 1980 ஜனவரி 1 என்றது. பேட்டரி போன கம்ப்யூட்டர் சொல்லும் பொய் அது. பாமினி அட்டவணை பொருந்தவில்லை. நாலாவதாக முயன்ற அட்டவணையில் வரிகள் தமிழாயின. முகவரியில் 'அரியலூர் மாவட்டம்'. இது ஒரு நல்ல தடயம். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001 ஜனவரியில் அரியலூர் பிரிந்து, 2002 மார்ச்சில் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் திரும்பவும் பிரிந்தது. உள்ளே 'விஷு வருடம் தை மாதம்' என்றிருந்தது. அப்படியென்றால் 2002இன் தொடக்கம். அந்த பதினைந்து மாத மாவட்டத்தின் காகிதம் இது!

ஆனால் கிரந்த எழுத்துகள் வரவில்லை. ஜ, ஷ, ஸ்ரீ வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கு. அந்த எழுத்துருவின் எந்தப் பதிப்பு என்று தெரிந்தால்தான் அவை எந்த இடத்தில் இருந்தன என்று தெரியும். ராஜேந்திரனா, ராஷேந்திரனா என்று ஊகிச்சுடலாம். எல்லாப் பெயரும் அப்படியில்லையே.

மதுரைத் திட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்க. 1998 பொங்கலன்று தொடங்கியது. திஸ்கியில் தட்டச்சிட்ட நூல்கள் பிறகு யுனிகோடுக்கு மாறின. திஸ்கி, தன்னார்வலர்கள் வெளிப்படையாக விவாதித்து உருவாக்கியது, அட்டவணை எல்லோர் கையிலும் இருந்தது. பிரான்ஸின் இன்ரியா 2016இல் அறிவித்த சாப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகமும் பொதுவில் கிடைக்கும் மூலநிரல்களைத்தான் சேர்க்கிறது. கடையில் விற்ற எழுத்துருவின் நிறுவல் சிடி அதில் வராது. சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலி போட்டிருக்கோம், அது 12 கோடி வருஷம் பழசு. இருபது வருஷ எழுத்துருவுக்கு யாரும் போடலை.

உங்க ஊர் டிடிபி கடையில் பழைய நிறுவல் சிடியோ, எழுத்துரு பிளாப்பியோ, பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிளோ கிடந்தால் தூக்கிப் போடாதீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க. நன்கொடைப் பட்டியலில் இன்னும் பதினொரு பெயர் கட்டமாகவே நிற்குது.